பாலத்துக்கு அந்தப் பக்கத்து விவாகரத்து

ஹார்லோ நீதிமன்றத்தில் கல்யாணம் கீழ்த்தளம், விவாகரத்து மேல்தளம். நடுவில் ஒரே ஒரு மரப்படிக்கட்டு. யார் ஏறினாலும் கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை வெர்லீன் டாக்கெட் அந்தப் படியில் ஏறினாள். கீழே கார் வரி கட்ட நின்ற வரிசை முழுவதும் தலை தூக்கிப் பார்த்தது. சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம் என்று வரிசைக்குத் தெரியும். கல்யாண லைசென்ஸ் வாங்கக் கீழே வர வேண்டியவள் ஏன் மேலே போகிறாள் என்று மட்டும் தெரியவில்லை. வரிசை நகர மறந்தது.

மேலே ஜன்னலுக்குப் பின்னால் இமோஜீன் உட்கார்ந்திருந்தாள். வெர்லீனோடு பள்ளியில் ஒரே பெஞ்சு.

"கல்யாணம் கீழேடி" என்றாள் இமோஜீன்.

"தெரியும். எனக்கு ஒரு விவாகரத்து நகல் வேணும்."

"உன்னோடதா? அதான் அன்னைக்கே பாஸ்டருக்குக் குடுத்தியே."

"என்னோடது இல்ல."

"பின்ன யாருது?"

"காரணம் சொல்ல வேண்டியதில்லன்னு உனக்குப் பின்னாடி சுவத்துல எழுதியிருக்கு, இமோஜீன். பொது ஆவணம். யாரு வேணா கேக்கலாம்."

"நான் காரணம் கேக்கல. பேரைக் கேக்குறேன். பேரு இல்லாம எதைத் தேடுறது? வானத்தையா?"

வெர்லீன் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டாய்ல் கிம்ப்ரோ."

இமோஜீன் கண்ணாடியைக் கழற்றினாள். "நம்ம டாய்லா?"

"என் டாய்ல்."

"ரெண்டு பேர் பேரும் வேணும். பொண்டாட்டி ரோண்டா. அவங்க கல்யாணத்துக்கு டோஸ்டர் குடுத்தது நான்தான். எந்த வருஷம்?"

"அவங்கம்மா போனப்புறம்னு சொன்னான்."

டாய்லின் அம்மா மாவிஸ் கிம்ப்ரோ இறந்து ஆறு வருடம் ஆகிறது. இமோஜீன் அந்த வருடத்தைத் தேடினாள். அடுத்த வருடத்தைத் தேடினாள். அதற்கடுத்ததையும் பார்த்துவிட்டு, கணினித் திரையைக் கையால் தட்டினாள், உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டதைப் போல.

"இல்ல" என்றாள்.

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லடி. டாய்ல் பேர்ல இங்க இருக்குறது ரெண்டுதான். வேகமா ஓட்டினதுக்கு ஒரு அபராதம். அவன் நாய் மேல ஒரு புகார்."

வெர்லீன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

போதகர் ஹென்சன் நல்லவர். ஆனால் பழைய ஒரு கல்யாணத்தில் சூடு கண்டவர். ஆசீர்வதித்து முடித்து, மாப்பிள்ளை கேக்கில் கத்தி வைத்த நேரத்தில், மாப்பிள்ளையின் மனைவி உள்ளே வந்து அவளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மறுமணம் என்றால் அவருக்கு முதலில் பேப்பர். நீதிபதி கையெழுத்து, முத்திரை, இரண்டும் கண்ணால் பார்க்க வேண்டும். வெர்லீன் தன்னுடையதை முதல் வாரமே கொடுத்துவிட்டாள். அதுவரை அது அவள் சமையலறை இழுப்பறையில் மிக்ஸியின் உத்தரவாதச் சீட்டோடு பத்திரமாக இருந்தது. டாய்லுடையது 'வீட்டுல எங்கயோ இருக்கு.' இரண்டு மாதமாக எங்கேயோ இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் சனிக்கிழமை சர்ச் திறக்காது என்று போதகர் சொல்லிவிட்டார்.

மதியம் ஹோட்டலில் சூப் கேட்டாள். சூப்போடு ஒரு துண்டு பெக்கான் பை, கொட்டை வைத்துச் சுட்ட இனிப்பு, வந்தது. அவள் கேட்கவில்லை. ஹார்லோவில் கேட்காமல் பை வந்தால் யாரோ செத்திருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இனிப்பைத் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் டாய்ல் அவள் வீட்டு வாசலில் தபால் பெட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தான். யாரும் சொல்லாமல் எதையாவது சரிசெய்வது அவன் வழக்கம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். வேலை செய்யும்போது ஒரு பாட்டை முணுமுணுப்பான்.

"என்ன வருஷம், டாய்ல்?" என்றாள்.

"எது, கண்ணு?"

"உனக்கும் ரோண்டாவுக்கும் தீர்ந்த வருஷம்."

முணுமுணுப்பு நின்றது. "அம்மா போனப்புறம். சொல்லியிருக்கேனே."

"இமோஜீன் தேடினா. இல்ல."

ஸ்க்ரூடிரைவர் புல்லில் விழுந்தது. "இமோஜீன்கிட்டயா போன? அவகிட்ட போறதுக்கு மைக் வச்சு சொல்லியிருக்கலாமே."

"இப்ப அதுவா விஷயம்? நீ இன்னும் கல்யாணமானவனா?"

"இல்ல."

"அப்ப பேப்பர் எங்க?"

டாய்ல் தபால் பெட்டியின் மூடியைத் திறந்தான். மூடினான். அது ஏற்கெனவே சரியாகிவிட்டிருந்தது.

"சர்ச் எதுக்கு, வெர்லீன்? யாராவது ஜட்ஜ்கிட்ட போய் பண்ணிக்கலாம். அஞ்சு நிமிஷம். முடிஞ்சதும் கேட்ஃபிஷ் சாப்பிடலாம்."

"முதல் கல்யாணம் ஜட்ஜ்கிட்டதான் பண்ணேன். கேட்ஃபிஷும் சாப்பிட்டேன். எனக்கு சர்ச்சுலதான் வேணும். பத்திரிகைலயும் வரணும்."

அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஹார்லோவின் வாரப் பத்திரிகை வியாழக்கிழமை வரும். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி. பிறந்தவர்கள், மணந்தவர்கள், பிரிந்தவர்கள், கைதானவர்கள், அந்த வரிசையில். ஊர் மற்றதையெல்லாம் அப்புறம்தான் படிக்கும். வெர்லீனின் பெயர் மூன்றாவது தலைப்பின் கீழ் வந்த வாரம் அவள் மெம்ஃபிஸுக்குப் பஸ் ஏறினாள். முப்பது வருடம் கழித்துத்தான் திரும்பினாள். அதே பத்தியில் ஒரு தலைப்பு மேலே ஏற வேண்டும் என்பது அவள் ஆசை. சின்ன ஆசை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள்.

"கொஞ்சம் டைம் குடு" என்றான் டாய்ல். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொள்ளாமல் போனான்.

அவன் அதை மறந்து அவள் பார்த்ததில்லை. அதை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தாள். எதிரில் உட்கார்ந்து ஆறின காப்பியைக் குடித்தாள். கதவு ஆணியில் கல்யாண உடை தொங்கியது. இளநீல நிறம். திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று யோசித்தாள். யோசித்ததற்காக அழுதாள்.

புதன்கிழமை காலை இமோஜீன் போன் செய்தாள்.

"நான் ஒரு மடச்சி" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"அது தெரியும். புதுசா என்ன?"

"அந்தப் பக்கத்தைத் தேடவே இல்லடி."

வெர்லீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

ஹார்லோ இருக்கும் மாவட்டமான ஓசெல் கவுண்டிக்கு இரண்டு நீதிமன்றம். பாலம் இல்லாத காலத்தில் டோ ஆறு பெருகினால் யாராலும் கடக்க முடியாது. அதனால் இந்தக் கரையில் ஹார்லோவில் ஒன்று, அந்தக் கரையில் மில்பர்னில் ஒன்று. பாலம் வந்து மூன்று தலைமுறை ஆகிறது. எதை மூடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டும் ஒரே கவுண்டி, ஒரே சட்டம். ஆனால் இதன் ஆவணம் அதில் இருக்காது. இரண்டு ஆபீசும் பேசிக்கொள்வதும் இல்லை. ஹார்லோக்காரர்கள் பாலத்தைத் தாண்டுவது மலிவாகக் கேட்ஃபிஷ் வாங்க. அங்கேயும் ஒரு நீதிமன்றம் இருப்பது தாண்டும்போதுதான் ஞாபகம் வரும்.

"நேர்ல போ" என்றாள் இமோஜீன். "எங்க போனை அவங்க எடுக்க மாட்டாங்க. ரெண்டு பேர் பேரையும் சொல்லு. வருஷம் தெரியலன்னா பின்னாடி போயிக்கிட்டே இருக்கச் சொல்லு, அதுக்கு அவங்க முகம் சுளிப்பாங்க, நீ கண்டுக்காத. முத்திரை வச்ச நகல்தான் வேணும்னு சொல்லு. வெறும் நகலைக் குடுத்தா பாஸ்டர் அதுல மூக்கைச் சிந்துவார்."

"சரி."

"இன்னொண்ணு. ஜன்னல்ல இருக்குறவகிட்ட மரியாதையா பேசு."

"நான் எப்ப மரியாதை இல்லாம பேசினேன்?"

"இப்பதான். மடச்சின்னு ஒத்துக்கிட்டியே."

மில்பர்ன் நீதிமன்றத்தில் எல்லாமே கீழ்த்தளம். ஒரே ஜன்னல். பின்னால் அறுபது வயதுப் பெண் ஒருத்தி, கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி, பக்கத்தில் பாதி கடித்த பிஸ்கட். வெர்லீன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஒப்பித்தாள்.

"ஒரு விவாகரத்துத் தீர்ப்போட முத்திரை வச்ச நகல் வேணும். வருஷம் சரியா தெரியாது. கணவர் பேரு டாய்ல் கிம்ப்ரோ. மனைவி ரோண்டா."

அந்தப் பெண் கணினியைத் தொடவில்லை. எழுந்து நேராகப் பின்னால் இருந்த அலமாரிக்குப் போனாள். ஒரு கோப்பை எடுத்து வந்தாள்.

"தேட வேண்டாமா?" என்றாள் வெர்லீன்.

"நம்பர் மனப்பாடம்."

"எல்லாருதுமா?"

"என்னோடது மட்டும்தான்" என்றாள் ரோண்டா. "நீங்கதான் சனிக்கிழமையா?"

வெர்லீனுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. ஜன்னலில் யார் இருப்பது என்று சொல்லாத இமோஜீனை மனதுக்குள் ஒரு வார்த்தை திட்டினாள்.

"உங்களுக்குமா தெரியும்?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம் செய்தி லேட்டாதான் வரும். வராம இருக்காது. பிஸ்கட் எடுத்துக்கங்க."

வெர்லீன் எடுத்துக்கொண்டாள். கையில் எதையாவது வைத்திருப்பது நல்லது என்று பட்டது.

"அவங்கம்மா போனப்புறம்னு சொன்னான்" என்றாள்.

"அப்படித்தான் ஊருக்குச் சொன்னோம்." ரோண்டா கோப்பைத் திருப்பி ஜன்னல் வழியாகத் தள்ளினாள். "தேதியப் பாருங்க."

வெர்லீன் பார்த்தாள். மாவிஸ் இறப்பதற்கு இரண்டு வருடத்துக்கும் முந்தைய தேதி.

"மாமியாருக்கு இதயம் சரியில்ல" என்றாள் ரோண்டா. "அதிர்ச்சியே கூடாதுன்னுட்டார் டாக்டர். அந்தம்மா வியாழக்கிழமை பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு உங்க ஊர்ப் பத்தியப் படிப்பாங்க. பைபிள்கூட அதுக்கப்புறம்தான். அங்க மனு போட்டா மறு வியாழன் அவங்களுக்கு ஆம்புலன்ஸ். அதான் இங்க போட்டோம். எங்க பக்கத்துல பத்திரிகையே கிடையாது."

"அப்புறம்?"

"வேலை இங்க கிடைச்சிருக்கு, வார நாள்ல சித்தி பொண்ணு வீட்ல தங்குறேன்னு சொல்லிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும் பொண்டாட்டி. காலைல பாலம் தாண்டுவேன், சர்ச்சுல டாய்ல் பக்கத்துல உக்காருவேன், அந்தம்மா பண்ண ரோஸ்ட்டைச் சாப்பிடுவேன், பாத்திரம் கழுவிட்டுத் திரும்பி வருவேன். உண்மையச் சொல்லணும்னா, கல்யாணமா இருந்தப்பவிட அந்த ரெண்டு வருஷம் நல்லா இருந்துச்சு. வாரத்துக்கு ஒருநாள்னா யாரு கூடவும் இருக்கலாம்."

வெர்லீன் பக்கத்தைப் புரட்டினாள். காரணம் என்ற இடத்தில் 'பொதுவான அவமதிப்புகள்' என்று இருந்தது. கடித்த பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"அவமதிப்புன்னா?" என்றாள். "கை ஓங்குவானா?"

ரோண்டா சிரித்த சிரிப்பில் உள்ளறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"டாய்லா? எலிப்பொறில மாட்டின எலிய லாரில ஏத்திட்டுப் போய் வயல்ல விடுற ஆளுங்க அவன். சட்டத்துல ஏதாவது ஒண்ணு சொல்லியாகணும். சாட்சியும் வேணும். வக்கீல் யோசிக்கச் சொன்னார். ரெண்டு வாரம் யோசிச்சேன். முணுமுணுப்புதான் ஞாபகம் வந்துச்சு."

"பாட்டா?"

"பாட்டு இல்லங்க. பாட்டோட முதல் அரை வரி. அங்க வந்து நின்னுடுவான். மறுபடி முதல்லருந்து. வருஷக்கணக்கா அடுத்த பாதிக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். வரல. சர்ச்சுல எங்க பின் வரிசைல உக்காந்த சித்தி பொண்ணு வந்து சாட்சி சொன்னா. ஜட்ஜ் அவனையே முணுமுணுத்துக் காட்டச் சொன்னார். கேட்டுட்டு உடனே கையெழுத்துப் போட்டார்."

வெர்லீன் யோசித்தாள். அவளுக்கு அது தொந்தரவாகத் தோன்றியதே இல்லை. ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

"மீதிய நான் பாடிடுவேன்" என்றாள்.

"என்னது?"

"அவன் நிறுத்தினா நான் மீதிய முடிச்சுடுவேன். தெரியாமலே வந்துடும்."

ரோண்டா முத்திரைக் கருவியை இழுத்து நகலின் மேல் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள்.

"எனக்கு அது தோணவே இல்ல" என்றாள்.

கட்டணத்தை வாங்கிக்கொண்டு நகலை உறையில் போட்டாள். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இதை ஹென்சன்கிட்டயா காட்டப் போறீங்க?"

"ஆமா."

"டாய்ல் ஏன் மறைச்சான்னு புரியலையா? மண்டபத்துச் சுவத்துல பலகை இருக்குமே."

சர்ச் மண்டபச் சுவரில் வெள்ளிவிழாத் தம்பதிகளின் பெயர்ப்பலகைகள் இருந்தன. அதில் ஒன்று டாய்ல், ரோண்டா. வெர்லீன் ஞாயிறுதோறும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிடுவாள். அதில் இருந்த வருடத்தையும் கையில் இருக்கும் வருடத்தையும் இப்போது சேர்த்துப் பார்த்தாள்.

"ஐயோ" என்றாள்.

"தீர்ப்பு வந்து ஒன்றரை வருஷம் கழிச்சு" என்றாள் ரோண்டா. "எங்களுக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு அந்தம்மா போய் ஹென்சன்கிட்ட சொல்லிட்டாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? சர்ச்சுல விழா, தேங்காய் கேக். எங்களை மேடை ஏத்தி, இளசுங்களுக்குப் புத்தி சொல்லச் சொன்னாங்க. டாய்ல் சொன்னான், பொறுமைன்னு. நான் சொன்னேன், தூரம்னு. எல்லாரும் தமாஷுன்னு நினைச்சாங்க." உறையை நீட்டினாள். "உள்ளறைல இருக்குற ஜட்ஜ் வெள்ளிக்கிழமைல கல்யாணம் பண்ணி வைக்கிறார். பேப்பர் கேக்க மாட்டார். எதுலயும் அச்சாகாது. சும்மா சொல்றேன்."

"எனக்கு அச்சாகணும்" என்றாள் வெர்லீன்.

வியாழக்கிழமை டாய்லை அவளே போய்க் காரில் ஏற்றிக்கொண்டாள். உறை அவள் மடியில் இருந்தது. அவன் அதைப் பார்த்ததும் சீட் பெல்ட்டைப் போடுவதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

"மில்பர்ன் போனியா?"

"போனேன். பிஸ்கட்கூட சாப்பிட்டேன்."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா. இப்ப அவளைப் பத்தி இல்ல. அம்மாகிட்ட மறைச்ச, சரி. என்கிட்ட எதுக்கு?"

டாய்ல் கண்ணாடி வழியே சோயா வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்கிட்ட சொன்னா பாஸ்டர்கிட்ட சொன்ன மாதிரி" என்றான். "அவர் கேட்டா நீ மறைக்க மாட்ட. உனக்கு மறைக்கத் தெரியாது. அதுக்காகத்தான் உன்னைப் பிடிச்சது. அதனாலதான் பயமும்."

"முந்தா நாள் கல்யாணமே வேணாம்னு நினைச்சேன். தெரியுமா? உடையைத் திருப்பிக் குடுக்கலாமான்னு நினைச்சேன்."

"இமோஜீன் சொன்னா."

"அவகிட்ட நான் சொல்லவே இல்லையே."

"உடை வித்த கடைக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கா, வெர்லீன் வந்தாளான்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். இன்னும் நேரம் வரவில்லை.

"நூறு பேர் கேக் சாப்பிட்டாங்க" என்றான் டாய்ல். "ஒருத்தர் அழுதார்."

"யாரு?"

"பாஸ்டர்."

போதகர் ஹென்சன் மண்டபத்தில் மடக்கு நாற்காலிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்குத்தான். உறையை வாங்கி வெளிச்சத்துக்குப் போனார். முதலில் முத்திரையை விரலால் தடவினார். நீதிபதியின் கையெழுத்தைப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு தேதிக்கு வந்தார்.

அங்கேயே நின்றார். நகலைப் பிடித்தபடி சுவரருகே போய்ப் பலகையைப் படித்தார். மறுபடி நகலைப் படித்தார்.

"டாய்ல்" என்றார்.

"பாஸ்டர்."

"நான் அன்னைக்கு அழுதேன்."

"ஆமா, பாஸ்டர்."

"கைக்குட்டையக்கூட நீதான் குடுத்த."

"ஆமா."

"எதுக்காக அழுதேன்?"

வெர்லீன் சொன்னாள். மாவிஸின் இதயம், பூதக்கண்ணாடி, பாலம், ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மெருகேற்றவில்லை. அவளுக்கு மறைக்கத் தெரியாது என்பதை டாய்ல் பக்கத்தில் நின்று மறுபடி கேட்டுக்கொண்டிருந்தான். போதகர் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்தாளா ரோண்டா?" என்றார்.

"மழைலயும்" என்றான் டாய்ல்.

"கல்யாணமானவங்கள்ல பாதி பேர் அப்படி வர்றதில்ல." நகலை மடித்து உறையில் வைத்தார். "சரி. இது செல்லும். நான் கேட்டது பேப்பர். அது வந்துடுச்சு. ஆனா அந்தப் பலகை இறங்கணும். சனிக்கிழமை அதுக்குக் கீழ நின்னு என்னால ஆசீர்வாதம் பண்ண முடியாது. சிரிச்சுடுவேன்."

டாய்ல் சட்டைப்பையைத் தடவினான். காலியாக இருந்தது. வெர்லீன் கைப்பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் நாற்காலி மேல் ஏறினான். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. திருப்பத் திருப்ப முணுமுணுப்பு தானாக வந்தது. பாதி வரியில் நின்றது. மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டே வெர்லீன் மீதியைப் பாடினாள். யாரும் கவனிக்கவில்லை, அவளைத் தவிர.

"அடுத்த மாசம் ஸ்டோவால் தம்பதிக்கு இருபத்தஞ்சு" என்றார் போதகர், தனக்குத்தானே. "அவங்ககிட்டயும் முதல்ல பேப்பர் கேக்கணும்போல."

பலகை கையோடு வந்தது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, கட்டம் போட்டதுபோல் தெரிந்தது.

"இங்க ஸ்டோவாலோடத மாட்டிடலாமா?" என்றான் டாய்ல்.

போதகர் வெர்லீனைப் பார்த்தார். "வேணாம். காலியா இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியிருக்கும்."

"எங்க வெள்ளிவிழா வர்றப்ப எனக்கு எண்பத்தஞ்சு, பாஸ்டர்" என்றாள் வெர்லீன். "பல்லு இருக்காது."

"கேக்குல தேங்காய் வேணாம்னு சொல்லிடலாம்" என்றார் போதகர், அடுத்த நாற்காலியைப் பிரித்தபடி.